பண்ணை வருமானமும் சங்கத்தின் கடமையும்

“உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது” என்பது நம் நாட்டுப் பழமொழி. மிஞ்சாது என்பதற்காகக் கணக்கே பாராமல் இருந்துவிடுவோரும் நம்மிடையே பலர். இவ்வழக்கம் இனி ஆகாது என்பதே நம் கருத்து.

விவசாயக் குடும்பங்களின் நிலைபற்றி மத்திய அரசினர் 2012-13லும் 2018-19லும் மாதிரி ஆய்வு நடத்தினர். இந்தியா முழுமைக்கும் சராசரியாக ஒரு குடும்பத்தின் மாத வருமானம் ரூ. 6,426லிருந்து ரூ. 10,218 ஆயிற்று. இதனைக் கண்டு மகிழ்வதற்கு முன் உட்பிரிவுகளை நோக்க வேண்டும். பயிர்ச் சாகுபடியால் வந்தது ரூ. 3,081லிருந்து ரூ. 3,798 ஆகவே உயர்ந்தது. இடைக்காலத்தில் ஏறிய விலைவாசியைக் கழித்தால் அது உயர்வன்று, தாழ்வே. கூலியும் சம்பளமுமோ ரூ. 2,071லிருந்து ரூ. 4,063 ஆயின, கால்நடை வருமானம் ரூ. 763லிருந்து ரூ. 1,582 ஆயிற்று. சொந்த உழைப்பு, வீட்டு விதை, வீட்டுத் தீவனம் ஆகியவற்றுக்கும் விலை வைத்துக் கழித்தால், ரூ. 10,218 என்பது ரூ. 8,337 ஆகச் சுருங்குகிறது. நெசவாளர் தம் உழைப்புக்குரிய கூலியைக் கேட்டுப் பெறுகிறார். உழவரோ தம் கூலியை ஏட்டிலும் எழுதுவதில்லை.

மேலும், சராசரி என்பது எல்லாப் பண்ணைக்கும் பொருந்துவதன்று. நஞ்சைக்காரருக்கு நெல் விலை ஓரளவு உறுதி. ஆயினும் ஆற்றுநீர் வந்தாலன்றிச் சாகுபடி இல்லை. மானாவாரிப் புஞ்சையில் செலவு குறைவு. மழை பொய்த்தால் அச்செலவும் மீளாது. தோட்டக்காலில் மஞ்சளும் வாழையும் கைநிறையப் பணம் தரவல்லவை. ஓராண்டு விலை ஏறினால் மறு ஆண்டு யாவரும் அதனையே பயிரிட, விலை வீழ்கிறது. பால் மாட்டின் வருவாய் சிறிதேயாயினும் இடைவிடாது வருவது.

சங்கப் பேரேடுகளைப் பார்வையிடும்போது நாம் காண்பது யாது? ஏக்கர் உண்டு, பயிர் உண்டு, கடன் தொகை உண்டு. அக்குடும்பம் எதனால் பிழைக்கிறது என்னும் குறிப்பு மட்டும் இல்லை. பயிர் பொய்த்த ஆண்டில் தவணையைக் கட்டுவது பெரும்பாலும் பாலும் கூலியுமே. அவை இல்லாத குடும்பமே தவணை தவறித் தனியாரிடம் வட்டிக்குச் செல்கிறது.

ஆதலின் இரண்டு காரியங்களை நிர்வாகக் குழுக்கள் மேற்கொள்ள வேண்டும். முதலாவது, ஒவ்வோர் அங்கத்தினருக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, பயிர், பால், கூலி, தறி என எல்லா வரவையும் செலவையும் ஆண்டுக்கொருமுறை எழுதுதல். இரண்டாவது, புஞ்சையை மட்டும் நம்பியிருப்போருக்குப் பயிர்க் கடனோடு நின்றுவிடாமல், கறவை மாட்டுக்கும் ஆட்டுக்கும் கடன் அளித்தல். உழவர் கடன் அட்டைத் திட்டம் 2019 முதல் கால்நடை வளர்ப்போருக்கும் திறந்துள்ளது; ஆகவே சட்டம் தடை என்று கூறுதற்கில்லை. எனினும் தண்ணீரும் தீவனமும் உள்ள இடமறிந்தே மாடு வாங்கச் செய்தல் வேண்டும். இன்றேல் ஒரு கடனுக்குப் பதில் இரண்டு கடனாகும்.

உழக்கு மிஞ்சுகிறதா என்பதைக் கணக்கே சொல்லும். மிஞ்சாத இடத்தை அறிந்து, மிஞ்சும் வழியைக் காட்டுவதே கூட்டுறவின் கடமையாகும். அடுத்த பொதுக்குழுவில் அங்கத்தினர்கள் இதனைக் கேட்பார்களாக.