கொள்ளைக்காரர்கள் போன பிறகு...

கொள்ளைக்காரர்கள் கதவை உடைத்து உள்ளே வருகிறார்கள். வீட்டாரை அடிக்கிறார்கள். நகையை அள்ளிக்கொண்டு ஓடிவிடுகிறார்கள். அவர்கள் போய்விடுவார்கள். ஆனால் பயம் போகுமா?

திருவள்ளூர் மாவட்டத்து மக்களுக்கு இந்தப் பயம் நன்றாகத் தெரியும். 2005-ம் ஆண்டு ஜனவரி 9-ந் தேதி அதிகாலை. பெரியபாளையத்தை அடுத்த தானாகுளம் கிராமம். கும்மிடிப்பூண்டி எம்.எல்.ஏ. சுதர்சனத்தின் வீட்டுக்குள் ஒரு கும்பல் புகுந்தது. அவரைத் துப்பாக்கியால் சுட்டுக் கொன்றது. வீட்டாரையும் தாக்கியது. நகைகளோடு தப்பியது. முன்னாள் மந்திரி வீட்டிலேயே இப்படி என்றால் நம் கதி என்ன என்று ஊரே நடுங்கியது.

துப்புத் துலங்கியது

ஐ.ஜி. ஜாங்கிட் தலைமையில் தனிப்படை அமைந்தது. வடநாட்டுக்குப் போய்த் தேடியது. 'பவாரியா' கும்பல் பிடிபட்டது. கொள்ளை நடந்த வீடுகளில் கிடைத்த கைரேகைகள் அதற்குப் பெரிதும் உதவின. 2025 நவம்பரில்தான் 3 பேருக்குச் சென்னை கோர்ட்டு ஆயுள் தண்டனை விதித்தது. 20 ஆண்டுகள் ஆகிவிட்டன!

இதில் நமக்கு ஒரு பாடம் உண்டு. கொள்ளை நடந்த வீட்டில் எதையும் தொடக்கூடாது. உடைந்த பூட்டு, திறந்த பீரோ, சிதறிய துணி எல்லாம் கிடந்தபடியே கிடக்கட்டும். வீட்டைப் பெருக்கினால் தடயமும் போய்விடும். முதலில் காயம்பட்டவரைக் கவனியுங்கள். உடனே 112-க்குப் போன் செய்யுங்கள்.

உங்கள் உரிமை

புகாரை எந்தப் போலீஸ் நிலையத்திலும் கொடுக்கலாம். "எங்கள் எல்லை இல்லை" என்று திருப்பி அனுப்பக்கூடாது. முதல் தகவல் அறிக்கையின் நகலைக் காசு வாங்காமல் தரவேண்டும். வழக்கு எந்த அளவில் இருக்கிறது என்பதை 90 நாளுக்குள் உங்களுக்குச் சொல்லவேண்டும். 2024 ஜூலை 1-ந் தேதி அமலுக்கு வந்த புதிய சட்டம் இப்படிச் சொல்கிறது. உயிர்ச்சேதமோ பலத்த காயமோ நேர்ந்திருந்தால், மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவிடம் நிவாரணம் கேட்கலாம்.

மனக்காயம்

நகை போனது கண்ணுக்குத் தெரியும். மனக்காயம் தெரியாது. இரவில் தூக்கம் வராது. நாய் குரைத்தால் உடம்பு பதறும். குழந்தை அம்மாவின் சேலையை விடாது. முதல் சில வாரங்களுக்கு இது இயற்கை. குழந்தையை அதட்டாதீர்கள், பக்கத்தில் படுக்க வையுங்கள். வந்து பார்க்கிறவர்கள், "கதவை ஏன் சரியாகப் பூட்டவில்லை?" என்று கேட்பது புண்ணில் கோல் இடுவதாகும். இரண்டு இரவு துணைக்குப் படுத்தாலே பேருதவி. ஒரு மாதமாகியும் பயம் தணியவில்லையா? 14416 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். மனநல ஆலோசனை இலவசம்.

சந்தேகம் வேண்டாம்

இன்னொன்று. கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்சாலைகளில் பீகார், ஒடிசா தொழிலாளர்கள் பலர் உழைக்கிறார்கள். கொள்ளை நடந்ததும் அவர்கள்மேல் பாய்வது நியாயமல்ல. ஒரு கும்பல் செய்த குற்றத்துக்கு ஓர் இனமே பொறுப்பாகுமா? பிறப்பை வைத்துக் குற்றவாளி என முத்திரை குத்திய குற்றப் பரம்பரைச் சட்டம் 1952-ல் நாடு முழுவதும் ஒழிந்தது. அது நம் மனத்திலும் ஒழியவேண்டும். தப்பான ஆளைப் பிடித்து அடித்தால், உண்மையான கொள்ளைக்காரன் தப்பிவிடுவான்.

கதவுக்கு நல்ல தாழ்ப்பாள் போடுங்கள். அதைவிடப் பெரிய காவல், கூப்பிட்ட குரலுக்கு ஓடிவரும் அடுத்த வீட்டார்தான்!