மண்மேட்டுக்குள் ஒரு பட்டினம்



வீழ்ந்த நாகரிகங்கள் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மனம் பாபிலோனுக்கும் எகிப்துக்கும் ரோமாபுரிக்கும் சென்றுவிடுகிறது. இடிந்த தூண்களும் பிரமிடுகளும் கண்முன் வந்து நிற்கின்றன. ஆனால் புதுச்சேரியிலிருந்து கடலூர் செல்லும் பேருந்தில் அமர்ந்து அரியாங்குப்பத்து ஆற்றைக் கடக்கும்போது, அதன் கரையில் சற்றுத் தொலைவில் ஒரு பழம்பட்டினம் புதையுண்டு கிடப்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்க்கிறோம்? அங்கே தூண்கள் இல்லை, கோட்டை இல்லை. தோப்புகளுக்கு இடையே ஒரு மண்மேடு இருக்கிறது. அதன் பெயர் அரிக்கமேடு.

கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட ‘எரித்ரேயக் கடலின் பெரிப்ளூஸ்’ என்னும் மாலுமிக் கையேடு, நம் கிழக்குக் கரைத் துறைமுகங்களுள் ‘பொதுகே’ என்ற ஒன்றைக் குறிப்பிடுகிறது. தாலமியின் நிலநூலிலும் இப்பெயர் இடம்பெறுகிறது. இது அரிக்கமேடே என்பது ஆய்வாளர் பலரின் முடிபு. பருவக்காற்றின் போக்கை அறிந்த மாலுமிகள் செங்கடலிலிருந்து நேரே இந்தியாவுக்குக் கலம் செலுத்திய காலம் அது. இந்தியப் பொருள்களுக்காக ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸ் நாணயம் ரோமப் பேரரசை விட்டு வெளியேறுகிறதே என்று பிளினி என்ற ரோமானிய அறிஞர் மனம் புழுங்கி எழுதியதும் அந்த நூற்றாண்டில்தான். அந்தச் செல்வம் வந்து சேர்ந்த துறைகளுள் ஒன்று நம் அரியாங்குப்பத்து ஆற்றங்கரை.

இம்மேடு உலகின் கண்ணில் பட்ட வரலாறும் சுவையானது. வெள்ளிக் கோள் சூரியனைக் கடக்கும் காட்சியைக் காண்பதற்காகப் பிரான்சிலிருந்து லெ ழாந்தீல் என்ற வானியலாளர் புதுச்சேரி வந்திருந்தார். 1769ஆம் ஆண்டு அந்நாளில் மேகம் மூடியதால் அவர் தேடி வந்த காட்சி அவருக்குக் கிட்டவில்லை. ஆயினும் வீராம்பட்டினத்து மக்கள் இம்மேட்டிலிருந்து பெரிய பழஞ்செங்கற்களைப் பெயர்த்து எடுத்துச் சென்றதை அவர் குறித்து வைத்தார். பின்னர் 1937இல் ழூவோ துப்ரேய் என்ற பிரெஞ்சு அறிஞர், இப்பகுதிச் சிறுவர்கள் பொறுக்கி வைத்திருந்த மணிகளையும் கற்களையும் வாங்கிச் சேகரித்தார். அவற்றுள் ரோமப் பேரரசர் அகஸ்டஸின் தலையுருவம் என்று கருதப்பட்ட உருவம் செதுக்கிய கல் ஒன்றும் இருந்தது. 1944இல் சென்னை அருங்காட்சியகத்தில் மத்தியதரைக்கடல் நாட்டுச் சாடி ஒன்றின் துண்டைக் கண்டு வியந்த இந்தியத் தொல்லியல் துறைத் தலைவர் மார்ட்டிமர் வீலர், 1945இல் இங்கே முறையாக அகழாய்வு நடத்தினார். அவருக்குப் பின் கசால் 1947 முதல் 1950 வரையிலும், விமலா பெக்லி 1989 முதல் 1992 வரையிலும் அகழ்ந்தார்கள்.

மண்ணுக்குள் என்ன இருந்தது? ஆற்றங்கரையில் நீண்ட செங்கல் கிடங்கு ஒன்று இருந்தது. தொட்டிகளும் வடிகால்களும் இருந்தன. அவை மெல்லிய பருத்தித் துணிக்குச் சாயமேற்றியவை என்று வீலர் கருதினார். மதுவும் ஆலிவ் எண்ணெயும் ஏற்றிவந்த ஆம்போரா என்னும் இருபிடிச் சாடிகளின் துண்டுகள் கிடைத்தன. தமிழ்ப் பிராமி எழுத்துகள் கீறிய பானை ஓடுகள் கிடைத்தன. இவற்றோடு இத்தாலியின் அரேஸ்ஸோ நகரத்து மரபில் வனைந்த பளபளக்கும் சிவப்புப் பாண்டங்களின் சில்லுகளும் கிடைத்தன.

வாசகர்களே, அந்தச் சிவப்புச் சில்லுகளின் பெருமையைச் சற்றுச் சிந்தியுங்கள். அவ்வகைப் பாண்டம் எந்தக் காலத்தில் வழங்கியது என்பது இத்தாலியில் ஏற்கெனவே அறியப்பட்டிருந்தது. எனவே அதே மண்ணடுக்கில் அதனுடன் கிடந்த உள்நாட்டுப் பானைகளுக்கும் காலம் கணிக்க முடிந்தது. அத்தகைய பானைகள் தென்னாட்டில் வேறெங்கு கிடைத்தாலும் அந்த இடங்களின் காலத்தையும் ஒப்பிட்டு அறிய வழி பிறந்தது. உடைந்த தட்டொன்று தென்னிந்தியத் தொல்லியலுக்கே நாட்காட்டி ஆயிற்று!

வீலர் இதனை இந்திய ரோமானிய வணிக நிலையம் என்றார். அதைக் கொண்டு பலர், ரோமானியர் வந்துதான் இப்பட்டினம் தோன்றியது என்று எண்ணிவிட்டார்கள். பெக்லியின் ஆய்வு இந்த எண்ணத்தை மாற்றியது. ரோமானியச் சரக்கு வருவதற்கு முன்பே, கி.மு. 2ஆம் நூற்றாண்டளவிலேயே, இங்கு மக்கள் வாழ்ந்து தொழில் செய்தார்கள். ரோம வணிகம் தளர்ந்த பின்னரும் வாழ்ந்தார்கள். சோழர் காசுகளும் சீனப் பீங்கான் துண்டுகளும் இதற்குச் சான்று கூறுகின்றன. வந்த வணிகன் வாங்கிச் சென்றான். ஆக்கியவன் இம்மண்ணின் மைந்தன்.

அவன் ஆக்கியவற்றுள் தலையாயது மணி. சூதுபவளம், அகேட், செவ்வந்திக்கல், பளிங்கு ஆகியவற்றை அறுத்து, மெருகிட்டு, துளையிட்டான். கண்ணாடியை உருக்கிக் குழலாக இழுத்து, நறுக்கி, மீண்டும் சூடேற்றி முனை மழுங்கச் செய்தான். இவ்விதம் பிறந்த சின்னஞ்சிறு கண்ணாடி மணிகள் தென்கிழக்கு ஆசியக் கரைகளெங்கும் கிடைக்கின்றன. இத்தொழிலை ஆராய்ந்த பீட்டர் பிரான்சிஸ், அரிக்கமேட்டிலிருந்து இக்கலை இலங்கையின் மாந்தைக்கும் தாய்லாந்து, வியட்நாம் கரைகளுக்கும் பரவியது என்று கருதினார். ஆந்திரத்தில் திருப்பதிக்கு அருகிலுள்ள பாப்பாநாயுடுபேட்டையில் இம்முறையில் மணி செய்வோர் அண்மைக்காலம் வரை இருந்ததையும் அவர் எடுத்துக்காட்டினார்.

துனிஸ் நகரில் பிறந்த பேரறிஞர் இப்னு கல்தூன் 1377இல் எழுதி முடித்த ‘முகத்திமா’வில் அரசுகள் எழுந்து வீழும் விதத்தை ஆராய்ந்தார். நகரம் தழைக்கும்போது கைத்தொழில்கள் தழைக்கும், நகரம் நலிந்தால் அவையும் நலியும் என்பது அவர் கண்ட விதி. அரிக்கமேடு அவ்விதிக்கு ஓர் அடிக்குறிப்பைச் சேர்க்கிறது. இங்கே படையெடுப்பால் நேர்ந்த அழிவைப் பற்றிய செய்தி எதுவும் நமக்குக் கிடைக்கவில்லை. கடல் வணிகத்தின் போக்கு மாறியது; கப்பல்கள் குறைந்தன; பட்டினம் மெல்ல மெல்ல ஓய்ந்தது. ஆனால் கலையைக் கைவசம் வைத்திருந்தவன் அதனை வேறு கரைக்கு எடுத்துச் சென்றான். கிடங்கு மண்ணாயிற்று, கைத்திறன் பிழைத்துக்கொண்டது. நம் பிள்ளைகளுக்கு எதனைச் சேர்த்துவைக்க வேண்டும் என்று கவலைப்படும் பெற்றோர் இதனை எண்ணிப் பார்க்கட்டும்.

பூமியில் பயணம் செய்து முன்னிருந்தோரின் முடிவை உற்றுநோக்குமாறு திருமறை நம்மை மீண்டும் மீண்டும் அழைக்கிறது. நோக்குவதற்கு ஏதேனும் எஞ்சியிருக்க வேண்டாமா? முதல் வீழ்ச்சி காலத்தால் நேர்ந்தது. இரண்டாம் வீழ்ச்சி நம் கைகளால் நேர்கிறது. செங்கற்கள் பெயர்த்தெடுக்கப்பட்டன. மழைக்குப் பின் மேலெழும் மணிகள் பொறுக்கப்பட்டன. போதாக்குறைக்கு ஆறும் கரையை அரித்துக்கொண்டிருக்கிறது.

ஒரு மணியை எடுத்தால் என்ன குறைந்துவிடும் என்று கேட்கலாம். சாட்சி சொல்பவர், தாம் எங்கே நின்று எதனைக் கண்டார் என்பதைக் கூறினால்தானே வழக்கு நிற்கும்? மண்ணடுக்கில் கிடக்கும் மணி காலத்தைச் சொல்லும். உடனிருந்த பொருளைச் சொல்லும். தொழிற்கூடம் இருந்த இடத்தையும் காட்டும். சட்டைப்பைக்குள் போன மணி ஊமையாகிவிடும். அந்தச் சிவப்புச் சில்லை யாரேனும் அழகுக்காக எடுத்துப் போயிருந்தால், தென்னாட்டின் காலக்கணக்கு இன்னும் எத்தனை ஆண்டு இருளில் கிடந்திருக்குமோ!

ஆகவே புதுச்சேரி செல்லும் வாசகர்கள் குடும்பத்துடன் அங்குள்ள அருங்காட்சியகத்தில் அரிக்கமேட்டுப் பொருள்களைக் காணுங்கள். பின்னர் அரியாங்குப்பம் சென்று அந்த மேட்டையும் பாருங்கள். ஏதேனும் மணியோ ஓடோ கண்ணில் பட்டால் பிள்ளைகளை அருகில் அழைத்துக் காட்டுங்கள். கிடந்த இடத்திலேயே விட்டுவிட்டு, பொறுப்பில் உள்ளவர்களிடம் தெரிவியுங்கள். ‘இதனைச் செய்தவர் யார்?’ என்று பிள்ளைகள் கேட்டால், ரோமானியர் என்று சொல்லிவிடாதீர்கள்.

அடுத்த இதழில் சந்திப்போம், இன்ஷா அல்லாஹ்.