டார்ச் லைட் அட்டையில் உண்மை வேண்டும்

பேருந்து நிலைய நடைபாதையில் 100 ரூபாய்க்கு ஒரு டார்ச் லைட் கிடைக்கிறது. மின்சாதனக் கடையில் அதே அளவு விளக்கு 1,000 ரூபாய் சொல்கிறார்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கின்றன. சில வேளைகளில் பெயரும் அப்படித்தான். ஓர் எழுத்து மட்டும் மாறியிருக்கும். மலிவானதை வாங்காதீர்கள் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் அதை வாங்குகிறவருக்கும் விற்றுப் பிழைக்கிறவருக்கும் ஒரு நியாயம் இருக்கிறது.

மும்முனை மின்சாரம் இரவில் வரும்போது மோட்டார் போட வரப்பில் நடக்கும் விவசாயிக்கு வெளிச்சம் ஆடம்பரம் அல்ல. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் ஏறத்தாழ 12 லட்சம் பேர் இறந்திருக்கலாம் என ஆய்வாளர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள். தமிழ்நாடு அரசு 2024இல் பாம்புக்கடியை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டியவற்றில் சேர்த்தது. ஒவ்வொரு கையிலும் ஒரு விளக்கு இருப்பது பொதுநலன். அதை எளியவர் கைக்குக் கொண்டுவந்ததில் மலிவுச் சரக்குக்கும் பங்குண்டு. தரமான நிறுவனங்களின் விலையில் விளம்பரச் செலவும் சேர்ந்திருப்பதை மறுக்க முடியாது.

மறுபக்கத்தையும் பார்ப்போம். நல்ல விளக்கில் நாம் கூடுதலாகக் கொடுக்கும் பணம் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத இடங்களில் இருக்கிறது: பேட்டரி இறங்கினாலும் வெளிச்சத்தைச் சீராக வைக்கும் மின்சுற்று, தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையம், அளவுக்கு மீறி சார்ஜ் ஏறாமல் காக்கும் அமைப்பு. செலவைக் குறைக்க நினைப்பவர் முதலில் கைவைப்பதும் இவற்றில்தான். நேரடியாகச் சுவரில் செருகி சார்ஜ் செய்யும் சில மலிவு விளக்குகளில் வீட்டு மின்சாரத்துக்கும் உள்பாகங்களுக்கும் இடையே போதிய தடுப்பு இருப்பதில்லை. உடைந்த உறையோடு அதைத் தொட்டால் ஷாக் அடிக்கலாம்.

அட்டையில் அச்சிடும் எண்களும் கவலை தருகின்றன. டார்ச் லைட்டில் போடும் 18650 எனப்படும் லித்தியம் செல்லின் கொள்ளளவு இன்று நல்ல தயாரிப்பிலேயே 3,500 மில்லி ஆம்பியர் மணி அளவில்தான் இருக்கிறது. சந்தையில் 9,900 என்று அச்சிட்டவையும் வருகின்றன. லூமென் என்பது வெளிச்சத்தின் அளவு. விளக்கின் மேல் 10,000 லூமென் என்று போட்டிருந்தால், ஒரு வாட்டுக்கு 150 லூமென் என்று தாராளமாகக் கணக்கிட்டாலும் 67 வாட் வேண்டும். அந்த நல்ல செல்லே சுமார் பத்து நிமிடத்தில் தீர்ந்துவிடும். வாங்குகிறவர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கும் நிலையில் இல்லை என்ற நம்பிக்கையில்தான் அந்த எண் அச்சாகிறது.

ஆகவே மலிவையும் போலியையும் ஒன்றாக்கக் கூடாது. "இது 50 லூமென், மூன்று மணி நேரம் எரியும்" என்று உள்ளதைச் சொல்லும் 100 ரூபாய் விளக்கு மதிப்புக்குரிய பொருள். பிறர் பெயரையும் இல்லாத திறனையும் சுமந்து வருவதுதான் தவறு. வணிகக் குறியைப் போலியாகப் பயன்படுத்தினால் 1999ஆம் ஆண்டு வணிகக் குறிகள் சட்டப்படி ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. அந்தச் சட்டம் நடைபாதை வியாபாரியோடு நின்றுவிடாமல் மொத்தச் சரக்கை இறக்குகிறவர் வரை போக வேண்டும்.

மற்றவர்களுக்கும் வேலை இருக்கிறது. லித்தியம் செல்களுக்கு இந்திய தர நிர்ணய அமைவனத்தின் பதிவு கட்டாயம். 'ஆர்' என்று தொடங்கும் அந்த எண்ணை பி.ஐ.எஸ். கேர் செயலியில் எவரும் சரிபார்க்கலாம். படித்த பிள்ளைகள் வீட்டுப் பெரியவர்களுக்கு இதைச் செய்து கொடுக்கலாம். கடைக்காரர் கேட்காமலே பில் கொடுத்தால் வாடிக்கையாளர் நம்பிக்கை கூடும். ஏமாந்தவர் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணை அழைத்தால் அடுத்தவருக்கும் நன்மை. பெரிய நிறுவனங்கள் குறைந்த விலையில் ஓர் எளிய மாதிரியையும், மாற்று பேட்டரியையும் சிற்றூர்க் கடைவரை கொண்டுசெல்ல வேண்டும். நேர்மையான மலிவுப் பொருள் கிடைத்தால் போலிக்கு இடம் தானாகவே சுருங்கும்.

கழிவுக்கும் இதில் தொடர்பு உண்டு. பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெறும் பொறுப்பை 2022ஆம் ஆண்டு விதிகள் தயாரிப்பாளரிடமே ஒப்படைக்கின்றன. முகவரி இல்லாத பொருளுக்கு அப்படி ஒருவர் இல்லை. அதன் பேட்டரி நம் குப்பைமேட்டுக்கும் நிலத்துக்கும்தான் வந்து சேரும்.

பிரஷர் குக்கர் வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரையைத் தேடும் பழக்கம் பல வீடுகளுக்கு வந்துவிட்டது. அதை எந்தத் தரப்பும் தனித்துச் சாதிக்கவில்லை. அரசு விதித்தது, நிறுவனங்கள் ஏற்றன, வாங்குகிறவர்கள் கேட்டார்கள். டார்ச் லைட்டிலும் அதே மூவரும் மனம் வைத்தால், 100 ரூபாய் கொடுப்பவருக்கும் 1,000 ரூபாய் கொடுப்பவருக்கும் அட்டையில் சொன்ன வெளிச்சம் கிடைக்கும்.