ஆடும் பற்களின்மேல் ஒரு பாலம்



"ஈறு கெட்டுப்போயிற்று, எல்லாப் பற்களையும் பிடுங்கிவிட்டு செட் வைத்துக்கொள்ளுங்கள்" என்னும் வார்த்தையை நம் வீட்டுப் பெரியவர்கள் பலர் கேட்டிருப்பார்கள். சிலருக்கு அது நல்ல ஆலோசனையே. ஆனால் ஈறு நோய் முற்றியவருக்கு, கழற்றாமல் நிலையாக இருக்கும் 'பிரிட்ஜ்' என்ற பற்பாலம் ஒருபோதும் ஆகாது என்று நினைப்பது சரியல்ல.

பல்லைத் தாங்குவது தாடையெலும்பு. பல்லோரத்தில் படியும் கிருமிப்படலத்தை நீக்காமல் விட்டால், ஈறுக்கும் வேருக்கும் நடுவே பை உண்டாகிறது. 3 மில்லிமீட்டர் வரை இருக்கவேண்டிய ஆழம் 6, 7 என்று போகும்போது உள்ளே எலும்பு கரைந்திருக்கும். பெரும்பாலும் வலி இராது. ஆகையால்தான் பல் ஆடத் தொடங்கும்வரை நாம் விழித்துக்கொள்வதில்லை.

விழுந்த பற்களின் பாரத்தையும் சேர்த்துச் சுமக்கப் போகும் பற்களுக்கு, விழுந்தவற்றுக்குக் குறையாத வேர்ப்பரப்பு எலும்புக்குள் இருக்கவேண்டும் என்று 1926இல் ஆன்ட்டே என்பவர் ஒரு விதி சொன்னார். அந்தக் கணக்கின்படி எலும்பில் பாதியை இழந்தவருக்குப் பாலம் இல்லை. ஆனால் சுவீடன் தேசத்தின் கோதன்பர்க் நகரத்து ஆராய்ச்சியாளர்களான நைமன், லிண்டே என்ற இருவர் 1979இல் வெளியிட்ட ஆய்வு இந்த எண்ணத்தை அசைத்தது. அவர்கள் முதலில் நோயை முற்றிலும் அடக்கினார்கள். அதன்பின் எஞ்சிய சில பற்களின்மேல் நீண்ட பாலங்களை வைத்தார்கள். 5 முதல் 8 ஆண்டுகள் கவனித்தபோது, நோயாளிகளின் எலும்பு மேலும் கரையாமல் நின்றது. பழுதான சில பாலங்களும் ஈறு நோயால் பழுதாகவில்லை. பிடிப்பு விட்டோ, உடைந்தோதான் பழுதாயின.

ஆடும் பல் எப்படிச் சுமக்கும் என்று கேட்பீர்கள். முன்பற்கள் முன்னும் பின்னும் ஆடும். கடைவாய்ப்பற்கள் பக்கவாட்டில் ஆடும். தாடை வளைவு முழுவதையும் ஒரே பாலத்தால் பிணைக்கும்போது ஒன்றின் ஆட்டத்தை மற்றொன்று தடுக்கிறது. தனியே அசையும் பந்தற்கால்கள் மேலே மூங்கில் கட்டியபின் உறுதியாக நிற்பதில்லையா?

ஆனால் இந்த ஆய்வைப் பாதி மட்டும் கேட்டுவிடாதிருங்கள். அந்த நோயாளிகள் பல் துலக்குவதில் மிகுந்த ஜாக்கிரதையுள்ளவர்கள். 3 முதல் 6 மாதங்களுக்கு ஒருமுறை மருத்துவரிடம் போய்ச் சுத்தம் செய்துகொண்டவர்கள். சீழ் கசியும் ஈறின்மேல் வைத்த பாலம் நோயை மூடி மறைக்குமேயன்றி வேறொன்றும் செய்யாது. சில நகரங்களில் நடைபாதையில் அமர்ந்து, பக்கத்துப் பற்களோடு பிளாஸ்டிக் பல்லை ஒட்டிக் கொடுப்பவர்கள் இன்றும் உண்டு. அதன் அடியில் தூரிகை நுழையாது. சில காலத்தில் பிடித்து நின்ற நல்ல பற்களும் ஆடத் தொடங்கும்.

சரியான பாலத்தின் அடியில் சிறு தூரிகை நுழைய இடைவெளி இருக்கும். பற்கள் சற்று நீளமாகவும் தெரியும். 'அழகாயில்லை' என்று அந்த இடைவெளியை அடைக்கச் சொல்லாதிருங்கள். மேற்பல் வரிசையில் உதடு பெரும்பாலும் அதை மறைத்துவிடும். புகையிலை, குட்கா பழக்கமும் கட்டுக்கடங்காத சர்க்கரையும் உள்ளவர்களுக்கு, அவற்றைச் சரிசெய்யுமுன் பாலத்தைப் பற்றிப் பேசுவதே வீண். எலும்பு மிகவும் கரைந்துபோனவர்களுக்குக் கழற்றும் செட்தான் தக்கது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இம்பிளான்ட் வைத்தால் ஈறு நோய்க்குத் தப்பிவிடலாம் என்பதும் வீண் நம்பிக்கை. அதைச் சுற்றியுள்ள எலும்பையும் கிருமிகள் கரைக்கும்.

மும்பை, பெங்களூரு, தில்லி போன்ற நகரங்களின் அரசு பல் மருத்துவக் கல்லூரிகளில் ஈறு நோய்க்கென்றும் செயற்கைப் பல்லுக்கென்றும் தனித்தனித் துறைகள் உண்டு. இந்தச் சிகிச்சைக்கு இரண்டும் வேண்டும். ஆண்டு விடுமுறையில் ஊருக்குப் போய், 10 நாளில் பல் கட்டிக்கொண்டு ரயிலேறுவது நம்மவர் வழக்கம். இதற்கு அது உதவாது. ஈறைச் சுத்தம் செய்து, வேண்டுமானால் அறுவை செய்து, ஆறியபின் மறுபடி அளந்து, தற்காலிகப் பாலம் வைத்துச் சோதிக்கவே பல மாதங்கள் ஆகும். ஆகையால் நீங்கள் குடியிருக்கும் நகரத்திலேயே தொடங்குங்கள். பாலத்தின் விலையைக் கேட்கும்போது, பின்வரும் ஆண்டுகளில் சுத்தம் செய்ய ஆகும் செலவையும் சேர்த்துக் கேளுங்கள்.