மாணவர்களுக்கு ஒரு தேதி சொல்லுங்கள்

இஸ்ரோ தலைவர் முனைவர் வி. நாராயணன் அவர்களுக்கு,

தென்மாவட்டப் பொறியியல் கல்லூரி ஒன்றில் மின்னணுவியல் நடத்தும் ஆசிரியன் நான். குமரி மாவட்டத்து மேலகாட்டுவிளையில் தமிழ்வழியில் படித்து, கிரையோஜெனிக் இயந்திரம் வரை வந்தவர் நீங்கள். எங்கள் வகுப்பறைகளில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளை நீங்கள் அறிவீர்கள் என்ற உரிமையில் எழுதுகிறேன். மாணவர்கள் செய்யும் விண்கருவிகளுக்கு ஆண்டுதோறும் சில இடங்களை ஒதுக்குங்கள். கருவியை ஒப்படைக்க வேண்டிய தேதியை இரண்டு ஆண்டு முன்னதாகவே அறிவியுங்கள். நான் கேட்க வந்தது இதைத்தான்.

இஸ்ரோ எங்களுக்குக் கதவைத் திறக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. 2009 ஏப்ரல் 20 அன்று பி.எஸ்.எல்.வி-சி12 சுமந்து சென்ற 40 கிலோ அனுசாட், இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்று உருவாக்கிய முதல் செயற்கைக்கோள். அண்ணா பல்கலைக்கழகத்தின் குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில், கலாம் படித்த அதே இடத்தில், அது உருவானது. பிறகு 2011-இல் எஸ்.ஆர்.எம்.சாட், 2016-இல் சத்யபாமாசாட், 2017-இல் உங்கள் மாவட்டத்திலேயே நூருல் இஸ்லாம் பல்கலைக்கழகத்தின் நியூசாட். இவை எல்லாமே உங்கள் நிறுவனத்தின் ராக்கெட்டில்தான் ஏறின.

ஏவிய நாளை எல்லோரும் கொண்டாடினோம். தொடங்கிய நாளையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். ஐ.ஐ.டி. பம்பாய் மாணவர்களின் ‘பிரதம்’ 2007-இல் தொடங்கி, 2016 செப்டம்பர் 26 அன்றுதான் ஏவப்பட்டது. புனே பொறியியல் கல்லூரியின் ‘ஸ்வயம்’ ஒரு கிலோ எடைதான். 2008-இல் தொடங்கியது, 2016 ஜூனில் பறந்தது. பி.டெக். படிப்போ நான்கு ஆண்டு. முதல் சுற்றுப்படத்தைப் போட்டவர்கள் படிப்பை முடித்து, வேலைக்குப் போய், சிலர் வெளிநாட்டிலும் குடியேறிய பிறகே அந்தப் பெட்டி வானம் ஏறியது. நடுவில் வந்த மாணவர்களின் உழைப்பைக் குறைவாகச் சொல்லவில்லை. எட்டு, ஒன்பது ஆண்டு ஒரு வேலையைக் கைவிடாமல் கொண்டுபோனதே பெரிய சாதனை.

ஆனால் எல்லாக் கல்லூரியிலும் அந்தத் தொடர்ச்சி இருக்காது. மூன்றாமாண்டு மாணவி ஒருத்தி, இரண்டு செட் முன்னால் படித்த சீனியர் எழுதிய நிரலைத் திறக்கிறாள். ஒரு வரியில் காத்திருப்பு நேரம் ஏன் அத்தனை நொடி என்று குறிப்பு எதுவும் இல்லை. எழுதியவர் இப்போது வங்கி மென்பொருள் செய்கிறார். ஃபோன் செய்தால் அன்போடு பேசுவார், அவருக்கும் நினைவில்லை. அப்போது தேர்ந்தெடுத்த ரேடியோ சில்லு சந்தையில் நின்றுபோயிருக்கும். போர்டை மாற்ற வேண்டும்; மாற்றினால் பழைய சோதனைகளையெல்லாம் மறுபடி செய்ய வேண்டும். அதற்குள் பிளேஸ்மென்ட் சீசன் வந்துவிடும். என்றைக்குப் பறக்கும் என்று தெரியாத ஒன்றுக்காக எத்தனை மாலைகளைக் கொடு என்று ஒரு பிள்ளையிடம் கேட்பது?

ஜப்பானின் கியூஷு தொழில்நுட்பக் கழகத்தில் நடந்த ‘பேர்ட்ஸ்’ திட்டம் இதற்கு ஒரு வழி காட்டியது. வடிவமைப்பில் தொடங்கிச் சுற்றுப்பாதையில் இயக்குவது வரை இரண்டு ஆண்டு என்பதே அதன் திட்டம். விண்வெளி நிலையத்தின் ‘கிபோ’ கூடம் வழியாகச் சிறு செயற்கைக்கோள்களை வெளியே விடும் முறையான பாதை அவர்களுக்கு இருந்தது. இலங்கையின் முதல் சிறு செயற்கைக்கோள் ராவணா-1 அங்கே செய்யப்பட்டு, 2019 ஜூனில் அப்படித்தான் சுற்றுப்பாதைக்குப் போனது.

நம்மிடமும் பாதை இருக்கிறது. வேலை முடிந்த பி.எஸ்.எல்.வி.யின் நான்காம் நிலையைக் குப்பையாக விடாமல் ஆய்வு மேடையாக்கிய ‘போயம்’, என் கணிப்பில் நம் மாணவர்களுக்குக் கிடைத்த மிக நல்ல வாய்ப்பு. மின்சாரமும் தகவல் தொடர்பும் மேடையே தந்துவிடுவதால், கருவியை மட்டும் செய்தால் போதும். திருவனந்தபுரம் எல்.பி.எஸ். மகளிர் தொழில்நுட்பக் கல்லூரி மாணவிகள் புற ஊதாக் கதிரை அளக்கச் செய்த ‘வீசாட்’, 2024 புத்தாண்டு அன்று இப்படித்தான் மேலே போனது. அதே ஆண்டு டிசம்பர் 30 அன்று போயம்-4 சுமந்த 24 கருவிகளில் 10, கல்வி நிலையங்களும் புத்தொழில் நிறுவனங்களும் செய்தவை. இதில் மாணவர் பங்கைத் தனியே பிரித்து, நாள் குறித்துத் தரும்படி கேட்கிறேன். முழுச் செயற்கைக்கோள் செய்யும் படிப்பு இதில் கிடைக்காது என்பார்கள். உண்மைதான். ஆனால் ஒரு கருவியைப் பறக்கவிட்ட கல்லூரிதான் அடுத்த முறை முழுச் செயற்கைக்கோளைத் துணிந்து செய்யும்.

ராக்கெட் கிளம்பும் நாளை இரண்டு ஆண்டு முன்பே சொல்வது எளிதல்ல என்பதும் தெரியும். 2025 மே மாதம் பி.எஸ்.எல்.வி-சி61 மூன்றாம் நிலையில் தவறியதை நாங்களும் கலங்கிய மனதோடு பார்த்தோம். அதனால்தான் ஒப்படைப்புத் தேதியைக் கேட்கிறேன். ஏவுதல் தள்ளிப்போனாலும் செய்த கைகளே சோதித்து, எழுதி, கையெழுத்திட்டுக் கருவியைக் கொடுத்திருக்கும். அன்றைக்குத் தயாராகாத கல்லூரி அடுத்த ஆண்டுக்குக் காத்திருக்கட்டும். பாதுகாப்பு விதியில் எந்தத் தளர்வும் வேண்டாம்.

இன்னொரு கோரிக்கையும் உண்டு. சிறு செயற்கைக்கோளின் ஆன்டெனாவைச் சுருட்டி நைலான் நூலால் கட்டியிருப்பார்கள். மேலே போனதும் ஒரு மெல்லிய கம்பி சூடேறி நூலை அறுத்தால்தான் அது விரியும். விரியாவிட்டால் செயற்கைக்கோள் ஊமை. உறைகுளிரில் பேட்டரி தளர்ந்திருக்கும்போதும் அந்தக் கம்பி போதிய அளவு சூடேறுமா என்பதை வெப்ப வெற்றிடக் கலத்தில் வைத்துத்தான் பார்க்க முடியும். உலகெங்கும் பல்கலைக்கழகங்களின் முதல் செயற்கைக்கோள்கள் பல ஒரு சமிக்ஞைகூட அனுப்பாமல் போயிருக்கின்றன. இப்படிச் சோதிக்கும் கலமோ அதிர்வு மேசையோ எங்கள் பக்கத்துக் கல்லூரிகளின் கைக்கெட்டும் தூரத்தில் இல்லை. 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்ட குலசேகரப்பட்டினம் ஏவுதளத்தையொட்டி மாணவர்களுக்கென ஒரு சிறு சோதனைக்கூடம் அமைத்தால், தூத்துக்குடி, நெல்லை, குமரிப் பிள்ளைகள் பஸ் ஏறிப் போய்ச் சோதித்து, முடிவோடு திரும்புவார்கள்.

வரும் ஜூனில் கல்லூரி திறக்கும்போது முதல் அறிவிப்பு வந்தால், இப்போது முதலாண்டு படிப்பவர்கள் விண்ணப்பித்து, இறுதியாண்டு முடியுமுன் கருவியை உங்களிடம் கொடுத்துவிடுவார்கள். தேர்வுக் குழுவுக்கும் கருவிகளைச் சரிபார்க்கும் வேலைக்கும் ஆள் தேவைப்பட்டால், விடுமுறையில் வந்து உழைக்க என்னைப் போன்ற ஆசிரியர்கள் ஆயத்தமாக இருக்கிறோம்.

பணிவன்புடன்,
பொறியியல் கல்லூரி ஆசிரியர் ஒருவர்