பொதுச் சேமிப்பகமும் தனிக் கணினியும்

மண்டைதீவின் வடகரையில் நின்று நோக்குவார்க்கு யாழ்ப்பாணப் பட்டணம் கண்ணெதிரே தோன்றும். இடையில் உள்ளது ஆழங்குறைந்த பரவைக்கடல். அதனை ஊடறுத்துச் செல்வது பண்ணைத் தாம்போதி. இத்தீவிலிருந்து பட்டணஞ் சென்று உயர்கல்வி பயிலும் மாணவி ஒருத்தி, மாலைப் பேருந்தில் வீடு மீண்டதும் தனது மடிக்கணினியைத் திறக்கிறாள் எனக் கொள்க. அன்றைய விரிவுரைக் குறிப்புகளும், அவள் பாதி எழுதி நிறுத்திய கட்டுரையும் கல்லூரியின் பொதுச் சேமிப்பகத்தில் உள்ளன. ஆனால் அச்சேமிப்பகமோ கல்லூரி மதிலுக்குள் இருக்கும் கல்லூரிக் கணினிகளுக்கு மட்டுமே திறக்கும். சொந்தக் கணினியை அதனோடு இணைக்க விதி இடந்தராது. தாம்போதி இருந்தும் அவள் தீவிலேயே நிற்கிறாள்.

இத்தகைய விதியை வகுப்போர் அதற்குப் 'பாதுகாப்பு' என்று பெயரிடுவர். மாணவரின் கணினியில் நச்சுநிரல் இருக்கலாம். அதனை யார் பராமரிக்கிறார் என்பது தெரியாது. ஆதலால் கல்லூரிக்குச் சொந்தமான பொறியே நம்பத்தக்கது என்பது அவர்தம் வாதம். கேட்பதற்கு நியாயம் போலவே தோன்றும் இவ்வாதத்தின் அடித்தளம் மிகவும் பலவீனமானது. 2017 மே மாதத்தில் 'வன்னாக்கிறை' என்ற நச்சுநிரல் உலகெங்கும் பரவியபோது இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவை நிலைகுலைந்தது. மருத்துவமனைகள் சத்திரசிகிச்சைகளை ஒத்திவைத்தன. கோப்புகளைப் பகிர்வதற்கான விண்டோஸின் பழைய நெறிமுறையில் இருந்த ஓட்டையே அந்நிரல் நுழைந்த வழி. அதனை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசொப்ற் நிறுவனம் அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்னரே, மார்ச்சில், வெளியிட்டிருந்தது. அங்கே வீழ்ந்தவை எவரோ கொண்டுவந்த வீட்டுக் கணினிகளல்ல. நிறுவனமே வாங்கி, நிறுவனமே இலக்கமிட்டு, நிறுவனமே திருத்தாது விட்ட கணினிகள். பொறியின் முதுகில் ஒட்டிய சொத்து இலக்கம் நச்சுநிரலைத் தடுக்காது என்பது இதனாற் பெறப்படும்.

மேலும், இணைப்பை மறுத்தால் மாணவர் கோப்புகளை நகர்த்தாமல் விட்டுவிடுவர் என்று எண்ணுவது பேதைமை. அவர்கள் பென்டிரைவைக் கொண்டுவருவர். அச்சுக்கடைக் கணினியிலும், நண்பனின் கணினியிலும், ஈற்றில் ஆய்வுகூடக் கணினியிலும் செருகப்படும் அச்சிறு துண்டை எந்தக் காவலாளி சோதிக்கிறான்? 2010இல் வெளிப்பட்ட 'ஸ்டக்ஸ்நெற்' நிரல் இணையத்தோடு தொடர்பே இல்லாத பொறிகளையும் இவ்வழியாலேயே சென்றடைந்தது. முன்வாயிலைப் பூட்டிப் பொட்டுவழியை அகலத் திறந்து வைக்கும் இவ்விதியைப் பாதுகாப்பு என்று சொல்வதற்கில்லை.

இச்சிக்கல் புதியதன்று, அதற்குரிய விடையும் புதியதன்று. 1982இல் அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகம் ஐ.பி.எம். நிறுவனத்தோடு சேர்ந்து 'அன்ட்றூ' என்னும் திட்டத்தைத் தொடங்கியது. வளாகத்திலுள்ள ஆயிரக்கணக்கான தனிக் கணினிகள் யாவும் ஒரு பொதுக் கோப்புத் தொகுதியை எட்டவேண்டும் என்பது அதன் நோக்கம். அத்தொகுதியை வடிவமைத்தோருள் முதன்மையானவர் சென்னை இந்தியத் தொழினுட்பக் கழகத்திற் பயின்ற மகாதேவ் சத்தியநாராயணன். மேசைமீதுள்ள எந்தக் கணினியும் நம்பத்தக்கதன்று என்ற எடுகோளிலிருந்தே அவர்கள் தொடங்கினர் என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. நம்பிக்கையைச் சேவையகத்தில் மட்டும் வைத்தனர். கோப்பைக் கேட்பவர் யார், அவருக்கு வாசிக்க மட்டும் உரிமையா, எழுதவும் உரிமையா என்பதைச் சேவையகமே தீர்மானித்தது. அதே தசாப்தத்தில் மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்தில் உருவான 'கேர்பெரோஸ்' முறை, கடவுச்சொல்லை வலையமைப்பின் வழியே அனுப்பாமலே ஆளை அடையாளங் கண்டது. கணினி யாருடையது என்ற கேள்வியை, கேட்பவர் யார் என்ற கேள்வியாக அவர்கள் மாற்றினர். நான்கு தசாப்தங்களுக்கு முன் தீர்ந்துபோன வழக்கை நமது கணினிக் குழுக்கள் இன்றும் தவணை போட்டு விசாரித்துக்கொண்டிருக்கின்றன!

சத்தியநாராயணனின் குழு 1987இல் 'கோடா' என்ற அடுத்த முயற்சியைத் தொடங்கியது. தீவு மக்கள் சிறப்பாக அறியவேண்டியது இதுவே. இணைப்பு உள்ளபோது வேண்டிய கோப்புகளை மடிக்கணினி தன்னிடம் படியெடுத்து வைத்துக்கொள்ளும். இணைப்பு அறுந்தாலும் பணி தொடரும். மீண்டும் இணைந்ததும் மாற்றங்கள் சேவையகத்தைச் சென்றடையும். மின்சாரமும் அலையும் ஒருங்கே வாய்க்காத மாலைகளை அறிந்தோர்க்கு இதன் அருமை விளக்கவேண்டாதது. நெடுந்தீவு மாணவருக்கோ குறிகட்டுவான் படகின் நேரமும் சேர்ந்து தடையாகிறது.

எதிர்வாதத்தில் ஓர் உண்மை உண்டு. அதனை மறைத்தல் ஆகாது. கோப்புப் பகிர்வின் வாயிலை இணையத்தின் முன் நேரடியாகத் திறந்துவிடுவது அறிவீனம். மறைகுறியாக்கிய தனிவழி ஒன்று வேண்டும்; ஆளுக்கொரு கணக்கு வேண்டும்; விரிவுரைக் குறிப்பு வாசிப்பதற்கு மட்டும், சொந்த அடைவு எழுதுவதற்கும் என்ற வேறுபாடு வேண்டும்; அழிந்ததை மீட்கும் காப்புப்படி வேண்டும். இவையெல்லாம் கல்லூரிக் கணினிகளுக்கும் வேண்டியவையே. இலங்கைப் பல்கலைக்கழகங்களைப் பிணைக்கும் 'லேர்ண்' வலையமைப்பு 'எடுரோம்' வழியாக, பிற நிறுவனத்து மாணவரின் சொந்தக் கருவிக்கே இணையத்தைத் தருகிறது. விருந்தினனுக்கு இணையத்தைத் தரவல்லவர், தம் மாணவிக்கு அவள் எழுதிய கட்டுரையைத் தர அஞ்சுவானேன்? 2020இல் கொள்ளைநோயால் வளாகங்கள் மூடப்பட்டபோது விரிவுரைகள் யாவும் வீட்டுக் கணினிகளையும் கைத்தொலைபேசிகளையுமே நம்பி நடந்தன. அன்று எவரும் சொத்து இலக்கம் கேட்கவில்லை.

இவ்விவாதம் வேறெங்கும் வெறும் வசதி பற்றியதாக இருக்கலாம், யாழ்ப்பாணத்தில் அவ்வாறன்று. 1981 மே 31ஆம் நாளிரவு தொடங்கிய வன்செயலில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. அவற்றுள் பின்னர் மீளக் கிடைத்தவை, வேறெங்கோ வேறொரு பிரதி இருந்தமையாலேயே கிடைத்தன. 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்தின் ஆயிரக்கணக்கான நூல்களும் இதழ்களும், அவற்றின் பிரதிகளை யாரோ எங்கோ பேணி வைத்திருந்தமையால் எண்ணிம வடிவு பெற்றவையே. ஒரே கட்டடத்தில், ஒரே பூட்டின்கீழ், ஒரே பிரதியாக அறிவைக் குவித்து வைப்பதை இவ்வூர் பாதுகாப்பு என்று கொள்ளமுடியாது.

1990 ஆகஸ்டில் இராணுவ நடவடிக்கையால் தீவக மக்கள் இடம்பெயர்ந்தனர். பண்ணை வழியும் பல ஆண்டுகள் மூடுண்டது. எதிரே தெரியும் பட்டணம் எட்டாத பட்டணமாயிற்று. அந்த வழியை அடைத்தது போர். சேமிப்பகத்தின் வழியை அடைத்திருப்பதோ நிருவாகி ஒருவர் இட்ட ஒரேயொரு தெரிவுக்குறி. அதனை நீக்குவதற்கு அடுத்த குழுக்கூட்டத்தின் பாதி நேரம் போதும்.