கழிதலும் கழித்தலும்

காலப்போக்கிலே பழஞ்சொற்கள் நீங்குவதும் புதுச்சொற்கள் வந்து சேர்வதும் குற்றமாகா என்று நன்னூல் செய்த பவணந்தி முனிவர் சொல்லதிகாரத்தின் இறுதியிலே விதி கூறிச் சென்றார். இக்காலத்தவர் பலர் அவ்விதியைத் தமக்கு வாய்த்த அரணாகக் கொண்டு, பழையது எதுவாயினும் தூக்கி எறிதற்கு அதனைச் சான்று காட்டுகின்றனர். ஆனால் அம்முனிவர் ஆண்ட சொல் 'கழிதல்' என்பது, 'கழித்தல்' என்பதன்று. முன்னது தன்வினை, பின்னது பிறவினை. பயன் முடிந்த பொருள் தானே நீங்குதல் ஒன்று. பயன் முடியாத பொருளை நாம் தள்ளிவிடுதல் மற்றொன்று. இவ்வேறுபாட்டை இலக்கண வகுப்பிலே பிழையின்றிச் சொல்லுவோர் பலர், வீட்டு மூலையிலே கிடக்கும் பழைய கணினியின் முன் நிற்கும்போது அதனை மறந்துவிடுகின்றனர்.

பத்துப் பன்னிரண்டு ஆண்டு உழைத்த கணினி ஒருநாட் காலையிலே ஆளியை அழுத்தியும் எழவில்லை எனக் கொள்வோம். "போய்விட்டது" என்று வீட்டார் சொல்லுகின்றனர். கடைக்குக் கொண்டுசென்றால், மூடியைத் திறவாமலே, "தாய்ப்பலகை போய்விட்டது, புதியது வாங்குங்கள்" என்று தீர்ப்புச் சொல்லுவாரும் உளர். உயிர் போயிற்றா, வெறும் மயக்கமா என்று நாடி பார்ப்பவர் சிலரே. எழாத கணினியை இறந்த கணினி என்று கொள்ளுதற்கு முன் அதனை முறைப்படி ஆராய்தல் வேண்டும் என்பதும், அம்முறையைத் தமிழர் இல்லங்களும் பள்ளிகளும் அறிந்திருத்தல் வேண்டும் என்பதும் என் கருத்து.

இதற்குப் பொருட்செலவு ஒரு காரணம். 200 ரூபாய் அளவிலே நின்ற அமெரிக்க டொலரின் விலை 2022 ஆம் ஆண்டிலே 350 ரூபாயையும் கடந்தது. கடல் கடந்து வரும் பண்டங்கள் எல்லாம் அன்று ஏறிய விலையினின்றும் முன்னைய நிலைக்கு இறங்கவில்லை. ஓர் ஆசிரியர், ஓர் எழுதுவினைஞர், ஒரு தோட்டத் தொழிலாளியின் பிள்ளை ஆகியோர்க்குப் புதுக் கணினி என்பது பல மாதச் சேமிப்பு. எனினும், பொருளினும் பெரிய காரணம் ஒன்று உண்டு. அது தமிழ்.

நம் நாட்டிலே கணினியிற் தமிழ் எழுதத் தொடங்கியோரிற் பெரும்பாலோர் பாமினி என்னும் எழுத்துருவிலே எழுதினர். அவ்வெழுத்துரு ஒரு மாறுவேடம். அதிலே 'அ' என்று நாம் காண்பது, கணினியின் அறிவிலே 'எம்' என்னும் உரோம எழுத்தே. எழுத்துரு உள்ள கணினியிலே அது தமிழ். இல்லாத கணினியிலே பொருளற்ற உரோம எழுத்துக் கூட்டம். உலக மொழிகள் அனைத்திற்கும் பொதுவாகிய யுனிக்கோட் முறையிலே தமிழ் 1991 இலேயே இடம்பெற்றதாயினும், அம்முறை நம் வீடுகளுக்கு வந்து சேரப் பல ஆண்டுகள் சென்றன. அதனால் கடிதம், கவிதை, பாடக்குறிப்பு, கோயில் மலர், சங்க அறிக்கை எனப் பலவும் அம்மாறுவேடத்தோடு பழைய கணினிகளிலே உறங்குகின்றன. பெட்டியைக் கழித்தால் அவையும் கழிந்துபோம்.

கடுகண்ணாவையை அடுத்த தோட்டப் பகுதியிலே ஆசிரியராயிருந்து ஓய்வுபெற்ற அன்பர் ஒருவரை யான் அறிவேன். மலைநாட்டு மக்களின் பாடல்களைச் சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்தாரன்றோ? அவ்வழியிலே இவரும் தம் பகுதி முதியோரிடம் கேட்ட தாலாட்டையும் ஒப்பாரியையும் கும்மிப் பாட்டையும் பதினைந்து ஆண்டுகளாகத் தட்டெழுதி வைத்திருந்தார். பாடிய மூதாட்டியரிற் பலர் இன்று இல்லை. இடிமழை பெய்த சித்திரை மாதத்திலே அவர் கணினி எழாது போயிற்று. கடைக்காரர் ஒருவர் தாய்ப்பலகையின்மேற் பழி சுமத்தி, பழைய பெட்டியைச் சிறு விலைக்குத் தாமே எடுத்துக்கொள்ளவும் முன்வந்தார். முறைப்படி ஆராய்ந்தபோது தெரிந்த குறை, சில நூறு ரூபாய்க்கு மேற்படாத ஒரு சிறு பற்றரி. அதனை மாற்றி, வன்தட்டு எது என்று கணினிக்கு மீளச் சுட்டியதும், பதினைந்து ஆண்டுப் பாடல்களும் திரையிலே வந்து நின்றன.

ஆராயும் முறை யாது? மருந்து என்னும் அதிகாரத்திலே வள்ளுவர் வகுத்த வரிசையே போதும்: முதலிலே நோய் இன்னதெனத் தெளிதல், பின்பு அதன் காரணம் அறிதல், அதன் பின்பே தீர்க்கும் வழியை நாடுதல். நம்மவரிற் பலர் மூன்றாவதிலே தொடங்கி முதலாவதை எட்டாமலே முடிக்கின்றனர்.

கணினி எழும் வரிசையை அறிந்தால் அது விழும் இடத்தையும் அறியலாம். முதலிலே மின்சாரம் வருகின்றது. பின்பு, பலகையிலே நிலையாகப் பதிந்துள்ள ஒரு சிறு நிரல் விழித்து, நினைவகம் உண்டா, விசைப்பலகை உண்டா, திரை உண்டா என்று தன் உறுப்புகளைத் தானே சோதிக்கின்றது. சோதனை முடிந்தபின் வன்தட்டைத் தேடி, ஆங்குள்ள பெரிய நிரலாகிய பணிசெயல் முறைமையை எழுப்பிவிட்டுத் தான் ஒதுங்குகின்றது. இதனை ஆங்கிலத்திலே 'பூட்' என்பர். தன் காலணியின் வாரைத் தானே பற்றித் தன்னையே மேலே தூக்குதல் என்னும் வழக்கிலிருந்து பிறந்த சொல் அது. சிறு வித்து ஆலமரத்தை எழுப்புவது போன்றது எனின் நமக்கு எளிதில் விளங்கும்.

விளக்கும் எரியவில்லை, விசிறியும் சுழலவில்லை எனின் குறை மின்சாரத்திலே உள்ளது. சுவரிலுள்ள மின்வாய்க்கு வேறொரு கருவியைச் செருகிப் பார்க்க வேண்டும். வயரை மாற்றிப் பார்க்க வேண்டும். பெட்டியின் பின்புறத்துள்ள சிறு ஆளி அணைந்துள்ளதா என நோக்க வேண்டும். இடையே தடையில்லா மின்வழங்கி இருப்பின், அதன் பற்றரி முதுமையுற்றிருக்கலாம். அதனை விலக்கி நேரே சுவரிலே இணைத்துப் பார்க்க வேண்டும். இவற்றிலே எதற்கும் காசு செலவில்லை.

விசிறி சுழன்றும் திரை இருண்டே இருப்பின், முதலிலே திரைக்கு வரும் வயரை இறுகப் பொருத்த வேண்டும். கணினி 'பீப்' என்று ஒலித்தால் அதனை எண்ண வேண்டும். அவ்வொலி நோயாளியின் முனகல். எத்தனை ஒலிக்கு எப்பொருள் என்பது பலகைதோறும் வேறுபடும். அதன் கைந்நூலிலே காணலாம். மழையும் மூடுபனியும் மிக்க நம் மலைப்பகுதியிலே ஈரக்காற்றால் நினைவகத் தகட்டின் தொடுமுனைகள் மங்குதல் இயல்பு. மின்னிணைப்பை முற்றாக நீக்கி, பெட்டியின் உலோகத்தைத் தொட்டு உடலின் நிலைமின்னைப் போக்கி, அத்தகட்டைக் கழற்றி, தொடுமுனைகளைப் பென்சில் அழிப்பானால் மெல்லத் துடைத்து, துகளை அகற்றி, மீளவும் அழுத்திப் பொருத்தினாற் கண்விழிக்கும் கணினிகள் பல.

மூடியைத் திறந்தவர் தூசியையும் எறும்பையும் பல்லியையும் கண்டு வியக்க வேண்டா. 1947 செப்டெம்பரிலே அமெரிக்காவின் ஹார்வார்டுப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த மார்க் 2 என்னும் பெருங்கணிப்பொறியிலே ஒரு விட்டிற்பூச்சி சிக்கி வேலையைக் கெடுத்தது. அங்கிருந்தோர் அதனை எடுத்துக் குறிப்பேட்டிலே ஒட்டிவைத்தனர். அவர்கள் பொறியைக் கழிக்கவில்லை, பூச்சியைக் கழித்தனர்.

திரையிலே எழுத்துத் தோன்றியும் மேலே செல்லாது நின்றாலும், நாளும் நேரமும் பல ஆண்டு பின்னோக்கிக் காட்டினாலும், முன்னர்க் கூறிய அன்பரின் கணினிக்கு நேர்ந்ததே நேர்ந்திருக்கலாம். நாணயம் போன்ற வட்டப் பற்றரி ஒன்று தாய்ப்பலகையிலே உண்டு. பெரும்பாலும் அது சீ.ஆர். 2032 என்னும் வகை. இலக்கண மாணவர் இதனைக் காரணப்பெயர் எனலாம். 20 மில்லிமீற்றர் விட்டமும் 3.2 மில்லிமீற்றர் தடிப்பும் உடைமையின் 2032 ஆயிற்று. மின்சாரம் இல்லாத வேளையிலும் கடிகாரத்தையும் அமைப்புகளையும் காப்பது இதன் தொழில். சில ஆண்டுகளிலே இது வலுவிழக்கும். அப்போது கணினி தன் அமைப்புகளை மறந்து, தொழிற்சாலையிலே பிறந்தநாள் நிலைக்குத் திரும்பும். எவ்வட்டிலிருந்து எழுவது என்பதையும் சில வேளைகளிலே மறக்கும்.

பணிசெயல் முறைமையைக் காணவில்லை என்று திரை சொல்லின், செருகியபடியே மறந்துவிட்ட பென் டிரைவ் ஒன்று வழிமறிக்கின்றதா எனப் பார்க்க வேண்டும். பின்பு வன்தட்டின் இணைப்பை நோக்க வேண்டும். வன்தட்டு 'டிக், டிக்' என்று அடித்துக்கொண்டால் மட்டும் மிக்க எச்சரிக்கை வேண்டும். மீண்டும் மீண்டும் ஆளியை அழுத்துவோர் அதன் இறுதி மூச்சைத் தாமே பறிப்பவராவர். உடனே நிறுத்தி, தட்டைக் கழற்றி, அறிந்தவரிடம் கொடுத்து, உள்ளிருப்பவற்றைப் படியெடுப்பதே செய்யத்தக்கது.

முறைமை எழத் தொடங்கி நடுவழியிலே நின்றால், குறை பெரும்பாலும் பொருளிலன்று, நிரலிலே உள்ளது. அண்மையிலே சேர்த்தது யாது என எண்ணி, பாதுகாப்பு நிலையிலே எழுப்பி, அதனை நீக்கிப் பார்க்கலாம். "எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக நிறுவிக்கொள்ளுங்கள்" என்னும் அறிவுரை நம் கடைவீதிகளிலே மலிவாகக் கிடைக்கின்றது. தலைவலிக்குத் தலையை எடுக்கும் மருத்துவம் அது. படியெடுத்த பின்பன்றி அதற்கு உடன்படலாகாது.

நோயாளியோடு காலத்தையும் கருதுக என்று வள்ளுவர் மருத்துவனுக்குக் கூறினார். நம் நாட்டுக் கணினிக்கும் அது பொருந்தும். சித்திரையிலும் ஐப்பசி கார்த்திகையிலும் நம் பகுதியிலே இடி மிகுதி. அப்போது ஆளியை அணைத்தல் மட்டும் போதாது, செருகியையே கழற்றுதல் வேண்டும். மின்துண்டிப்பின் கொடுமையையும் நாம் மறந்திலோம். 2022 மார்ச் மாத இறுதியிலே நாளொன்றுக்கு 13 மணிநேரம் மின்சாரம் இல்லை. 2025 பெப்ரவரி 9 ஆம் நாள் பாணந்துறைத் துணைமின்நிலையத்திலே ஒரு குரங்கு புகுந்தமையால் நாடு முழுவதும் இருண்டது. திடீரென நீங்கித் திடீரென மீளும் மின்சாரம் வலுவழங்கியையும் வன்தட்டையும் வருத்துவது.

எல்லாக் கணினியும் பிழைக்கும் என்று யான் கூறவில்லை. பலகையிலுள்ள கொள்ளளவிகள் தலைவீங்கிக் கசிந்திருப்பின், கைதேர்ந்தவரே மாற்ற வேண்டும். பலவேளை அது பயன் தராது. வலுவழங்கியின் உள்ளே செருகியைக் கழற்றிய பின்னும் மின் தங்கியிருக்கும். அதனைத் திறத்தல் இல்லத்தார்க்குரிய வேலையன்று. ஆராய்ந்த பின் இறந்தது எனத் தெளிந்தால் விடைகொடுப்போம். அதுவே கழிதல். பெட்டி இறந்தாலும் வன்தட்டு உயிரோடு இருக்கலாம் என்பதையும் மறத்தலாகாது.

வின்டோஸ் 10 இற்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14 இலே நிறுத்தியது. அடுத்த பதிப்பை ஏற்கும் தகுதியில்லாத பழைய கணினிகள் அன்றோடு இறந்தன என்று எண்ணுவாரும் உளர். அவற்றிலே பல, விலையின்றிக் கிடைக்கும் லினக்ஸ் முறைமையிலே இன்றும் இயங்கும். இணையத்தோடு தொடர்பின்றி எழுதுதற்கு மட்டும் வைத்துக்கொள்ளினும் இழுக்கில்லை.

கடுகண்ணாவையிலே 2014 டிசம்பரிலே தேசியப் புகையிரத அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. மலையேறிய பழைய இயந்திரங்களை ஆங்கு மாணவர் கண்டு மகிழ்கின்றனர். ஓடாத புகையிரதத்தையும் கண்டு பயன்பெறலாம். அதன் உடலே அதன் வரலாறு. கணினியோ அத்தகையதன்று. எழாத கணினியின் உடல் வெறும் தகரம். அதன் பயன் முழுவதும் உள்ளே எழுதப்பட்டதிலே உள்ளது. இவ்வகையிலே அது புகையிரதத்திற்கு இனமன்று, ஏட்டுச்சுவடிக்கு இனம். கைபட்டால் உதிரும் சுவடிகளை ஊர்தோறும் தேடிப் படியெடுத்துப் பதிப்பித்தமையாலன்றோ சி. வை. தாமோதரம்பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் நம் வணக்கத்திற்குரியராயினர்? "பழைய ஏடு, செல்லரித்தது" என்று அவர்கள் தள்ளியிருப்பின் நமக்குக் கலித்தொகை ஏது, சிந்தாமணி ஏது?

ஆதலின் இரண்டு வேண்டுகோள்கள். பள்ளிகளிலே கணினிப் பாடம் கற்பிப்போர், இயக்கும் முறையோடு நில்லாது, எழாத கணினியை ஆராயும் முறையையும் கழித்த பெட்டி ஒன்றைத் திறந்துவைத்துக் கற்பிப்பாராக. ஓசை கெட்ட வெண்பாவைக் கிழித்தெறியாது, எச்சீரிலே தளை தட்டியது எனத் தேடும் மாணவனுக்கு இது கடினமன்று. பழைய கணினி உடையோர், அது எழும் நாளிலேயே தம் தமிழ் எழுத்துகளை வேறிடத்திலே படியெடுத்து, பாமினியினின்றும் யுனிக்கோட்டிற்கு மாற்றிவைப்பாராக. அதற்குரிய மாற்றிகள் விலையின்றிக் கிடைக்கின்றன. ஊர்க்குப் பயன்படுவன உளவாயின், 2005 முதல் ஈழத்துத் தமிழ் நூல்களை மின்வடிவிலே காத்துவரும் நூலகம் போன்ற அமைப்புகளுக்கு ஒரு படி வழங்குவாராக.

பவணந்தியார் இசைவளித்தது பழையது தானே நீங்குதற்கே. தாலாட்டும் ஒப்பாரியும் நிறைந்த பெட்டியை, ஒரு வட்டப் பற்றரி தீர்ந்தமையால் எடைக்கு விற்றல் அதனுள் அடங்காது.